உரித்தாளர் இல்லை என்று எழுதிய பங்குச் சபைக்கு

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்கு மேய்ப்புப்பணிச் சபையினருக்கும்,

ஆவணிக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்கள் வாசித்த அறிவித்தல் பற்றி எழுதுகிறேன். சேமக்காலையில், அதாவது எங்கள் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்துக்குக் கிழக்கே உள்ள பழைய துண்டு துப்புரவாக்கப்பட்டு மட்டப்படுத்தப்படும், அங்கே புதிய வரிசைகள் எடுக்கப்படும், உரித்தாளர்கள் ஒக்டோபர் 15ஆம் திகதிக்கு முன் வந்து பதிய வேண்டும், பதியாதவை உரித்தாளர் இல்லாத கல்லறைகள் என்று கொள்ளப்படும். இவ்வளவுதான் அறிவித்தல். அடுத்த வரியிலேயே திருவிழாக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்கு நானும் எழும்பி ஒன்றும் கேட்கவில்லை. பூசையில் கேட்கிற கேள்வியா என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் சரியாக நித்திரை வரவில்லை.

பங்கின் பெயரையும் உங்கள் யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. இன்னொரு ஊரில் மண் தோண்டுகிற இன்னொரு பெக்கோ இயந்திரம் இதே வேலையைத் தொடங்க முன்னம் அங்குள்ளவர்களும் இதை வாசிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில், அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிற பட்டியல். அதில் 43 இலக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கல்லில் வாசிக்க முடிந்த பெயர் அல்லது முதலெழுத்து. அதற்குப் பக்கத்தில் "உரித்தாளர் இல்லை". எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று சபையில் உள்ள ஒருவரிடம் கேட்டேன். மாதச் சந்தாக் கொப்பியில் உள்ள குடும்பத் தலைவர்களின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒத்துவரவில்லை என்றார். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னதில்தான் முழுப் பிழையும் இருக்கிறது.

நாங்கள் மட்டக்களப்பார். எங்களில் வீடு வளவு மகளுக்குத்தான் போகும். மகன்மார் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்தோ தகப்பனுடையது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என் பூட்டி, அம்மம்மா, அம்மா, நான் என்று நான்கு பெண்கள் ஒரே வளவில், ஒரே கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தோம். நான்கு பேருக்கும் நான்கு முதலெழுத்து. வெளியூரிலிருந்து வந்த நான்கு மாப்பிள்ளைமாரின் பெயர் சந்தாக் கொப்பியில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கியிருக்கிறது. உங்கள் கொப்பியை வைத்துப் பார்த்தால் என் பூட்டிக்கு இந்த ஊரில் ஒருவருமில்லை. அவளின் பேத்தியின் மகள் சேமக்காலைக் கடப்படியிலிருந்து மூன்று வேலி தள்ளி இருந்துகொண்டு இதை எழுதுகிறாள்.

(தாய்வழியாக வருகிற குடி பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேதக்காரருக்குள் குடி என்ன குலம் என்ன என்று பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். ஆனால் கலியாணம் பேசும்போது தாய்வழி என்ன என்று கேட்காத வீடு எங்கள் ஊரில் எது? கலியாணப் பேச்சுக்கு வேண்டியிருக்கிற தாய்வழி, கல்லறைக் கணக்குக்கு மட்டும் வேண்டாமோ?)

உங்கள் பட்டியலைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய், ஊரில் எண்பது தாண்டிய இரண்டு ஆச்சிமாரோடு இரண்டு பின்னேரம் இருந்தேன். 43இல் 19க்கு ஆள் கிடைத்தது. எல்லாம் உயிரோடு இருக்கிற, ஞாயிறு பூசைக்கு வருகிற ஆக்கள். அவர்களில் ஒருவருடைய மகன் உங்கள் சபையிலேயே இருக்கிறார். தன் தாயின் அம்மம்மாவுக்குத்தான் "உரித்தாளர் இல்லை" என்று எழுதியிருக்கிறார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பட்டியலைத் தட்டச்சுச் செய்ததும் அவர்தானாம். அவரை நான் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்தது, இந்தப் பழைய துண்டில் கல் வைத்த கல்லறைகள் குறைவு. காசு இருந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் சீமெந்து ஊற்றி, அது காயமுன்னம் ஆணியால் பெயர் கீறினார்கள். மற்ற எல்லாரும் மண் மேடும் மரச் சிலுவையும்தான். வெள்ளைச் சிலுவையில் தாரால் பெயர் எழுதுவார்கள், பத்து மாரி போனால் எழுத்துப் போகும், இன்னும் பத்துப் போனால் சிலுவையே உக்கிவிடும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இருந்த சிலுவைகளில் பாதியை ஒரே இரவில் கொண்டுபோனது. 1990 ஆனியில் ஊரே எழும்பி ஓடினோம். 2007 பங்குனியில் மறுபடியும் ஓடினோம். திரும்பி வந்தபோது மரச் சிலுவை என்று ஒன்றும் மிச்சமில்லை. யார் எடுத்து அடுப்பில் வைத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த நேரம் விறகு விறகுதான்.

அப்போ பெயர் இல்லாத மேட்டில் யார் கிடக்கிறார் என்று எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியும். நவம்பர் 2ஆம் திகதியால் தெரியும்.

கல்லறைத் திருநாள் அன்று பின்னேரம் அம்மம்மா ஒரு பால்மா ரின்னில் மெழுகுதிரிகளைப் போட்டுக்கொண்டு புறப்படுவா. நானும் தம்பியும் பின்னால். பெரிய ஆக்களுக்கு முழுத்திரி. சின்னதில் செத்த பிள்ளைகளுக்கு அரைத்திரி. அதை வீட்டிலேயே கத்தியால் வெட்டி, திரிநூலை இழுத்துவிட்டுக் கொண்டுவருவா. எங்கே வைக்க வேண்டும் என்று அவ ஒரு நாளும் யோசித்து நின்றதில்லை. "வேம்படியில கிறுகு புள்ள. மறுகா ரெண்டாவது மேடு. தலைமாட்டில வைக்காத, காத்துக்கு அணைஞ்சிரும், கால்மாட்டில வை." அந்த இரண்டாவது மேடு பூட்டி. அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி, பிள்ளைப்பேற்றில் செத்த பூட்டியின் தங்கை. அவளின் பக்கத்தில் ஓர் அரைத்திரி. அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அதனால் சேமக்காலைக்குள் கிடக்கிறது என்று அம்மம்மா சொல்வா. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் அதே வசனம்.

2001இல் அம்மம்மாவுக்குக் கால் இயலாமல் போகத் தொடங்கியிருந்தது. அந்த வருடம் நான் ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோனேன். அவ திரி வைத்த ஒழுங்கிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். வேம்பிலிருந்து எத்தனை காலடி எட்டு, எந்தப் பக்கம், முழுவா அரையா, அவவுக்கு என்ன முறை. 11 முழு, 6 அரை. இரண்டு வருடத்தில் அம்மம்மாவும் போய்விட்டா. இன்றைக்கு எங்கள் குடும்பத்தின் வம்சாவளி என்று எழுத்தில் இருப்பது அந்த ஒன்பது பக்கம் மட்டும்தான். கடற்கரைப் பக்கம் எழுவான்கரையில் இருந்த என் சின்னம்மாவின் வீட்டுப் பெட்டகத்தில் பழைய படங்களும் கலியாணச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் இருந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த வீட்டில் அத்திவாரத்தைத் தவிர வேறொன்றையும் விட்டுவைக்கவில்லை.

அரசாங்கப் பதிவுகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது உண்மை. இறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயருக்கும் இடம் இருக்கிறது, கிடைத்தால் பொன் மாதிரி. ஆனால் தேடுவதற்கு வருடம் தெரிய வேண்டும். "பெரிய வெள்ளம் வந்த வருசத்துக்கு முந்தின வருசம்" என்று சொல்லித் தேட முடியாது. அதோடு வாவிக்கு மேற்கே கிடக்கிற எங்கள் படுவான்கரையின் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்களே பாதை என்கிற மிதவையிலும் தோணியிலும்தான் வாவியைக் கடந்தோம். பூட்டன் எழுவான்கரையில் செத்து, அவரின் மையப்பெட்டியே தோணியில்தான் வந்ததாம், பெட்டி நனையாமல் இருக்க இரண்டு பேர் தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அப்படி இருந்த ஊரில் ஒரு கைக்குழந்தையின் சாவைப் பதிய யார் துறை கடந்திருப்பார்கள்?

அதனால்தான் கோயில் புத்தகங்கள். பழைய மரணப் பதிவேட்டை நான் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். முன்பு இங்கே இருந்த ஒரு சுவாமி, என் தொந்தரவு தாங்காமல், தன் மேசையில் வைத்து, தானே பக்கம் புரட்டிக் காட்டினார். இந்தப் பகுதி 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்துக்குள் இருந்தது, 1895இல் பிரெஞ்சு யேசுசபைக் குருக்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் எழுதிய புத்தகம் அது. இலத்தீனில், சரிந்த கையெழுத்தில், எங்கள் பெயர்களை அவர்கள் காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயரை வாய்விட்டு வாசித்தால்தான் யாரென்று பிடிபடும். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, வயது சுமார் 40, சுமார் 60 என்று வட்டமாக. நோயில்பூசுதல் பெற்றாளா இல்லையா. கடைசியில், பங்குச் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டாள் என்று. சேமக்காலையில் எந்த இடத்தில் என்று ஓரிடத்திலும் இல்லை.

இப்போது நான் சொல்ல வருவது விளங்கும் என்று நினைக்கிறேன். புத்தகத்துக்கு ஆளைத் தெரியும், இடம் தெரியாது. மேட்டுக்கு இடம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் பொருத்துவது திரி வைக்கிற ஆக்களின் ஞாபகம். அந்த ஞாபகமும் மண்ணின் மேடு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பெக்கோ ஒரு மணித்தியாலம் ஓடினால் போதும். அதற்குப் பிறகு அந்த ஆச்சிமாரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாலும் அவர்களுக்கு ஒன்றும் சொல்ல வராது.

இது வெறும் பயம் என்று நினைக்க வேண்டாம். போன மாதச் சிரமதானத்தில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. இளைஞர்கள் பற்றை வெட்டினார்கள், நல்ல வேலை. வெட்டும்போது சரிந்து கிடந்த கற்களை அலவாங்கு போட்டுக் கிளப்பி, மணிக்கூண்டுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். அடுக்கின் அடியில் ஒரு சீமெந்துத் துண்டு, என் முழங்கை நீளம் இருக்கும், ஒரு மூலை உடைந்தது. பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்கிற நேரம் தம்பியின் மகன் போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தான். ஆணியால் கீறிய எழுத்து மெல்ல மேலே வந்தது. பழைய எழுத்து, "லை"க்குத் துதிக்கை போட்ட காலத்து எழுத்து. முதல் பாதி உடைந்துபோய்விட்டது. மிச்சம்: "லேனாள்".

மதலேனாளா? எலேனாளா? எங்கள் வீட்டில் இரண்டு பெயரும் உண்டு. ஒன்று பூட்டி, மற்றது அவளின் தங்கை. அந்தக் கல் கிடந்த இடம் தெரிந்திருந்தால் கேள்வியே இல்லை, என் கொப்பியைத் திறந்து எட்டு எண்ணியிருப்பேன். எங்கே இருந்து எடுத்தீர்கள் என்று பெடியன்களைக் கேட்டேன். "அந்தப் பக்கம்தான் அக்கா" என்று கையை வீசிக் காட்டினார்கள். அந்தக் கைவீச்சுக்குள் இருபது மேடு அடங்கும். அந்தக் கல்லைத் தூக்கி எந்தக் கால்மாட்டில் வைப்பது என்று இனி எனக்கும் தெரியாது. பெடியன்களில் கோபமில்லை. ஒருவர் கூடவே நின்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முளை அடித்திருந்தால் முடிந்த வேலை.

இடம் போதாது என்கிற உங்கள் கவலை பொய்யில்லை. தையில் நடந்த அடக்கத்தில் குழி வெட்டியவர்கள் இரண்டு இடத்தில் எலும்பு கண்டு மூடிவிட்டு மூன்றாவது இடம் தேடினார்கள், நானும் அங்கே நின்றேன். ஆனால் எங்கள் ஆக்களுக்கு இது புதுப் பிரச்சினையில்லை. பழைய குழியைத் திறந்து, இருந்த எலும்பை ஒரு துணியில் சேர்த்துக் கால்மாட்டில் வைத்து, அதே குழியில் அந்தக் குடும்பத்தின் அடுத்த ஆளை வைப்பது இங்கே நடந்து வந்ததுதான். என் அம்மப்பா அவரின் மாமியின் குழியில்தான் கிடக்கிறார். உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஒத்தே வராதாம், அது வேறு கதை. எந்தக் குழி எந்தக் குடும்பத்துக்கு என்று தெரிந்தால் புதுத் துண்டே தேவைப்படாமல் போகலாம். அதற்கும் அதே வரைபடம்தான் வேண்டும். எல்லாவற்றையும் தட்டி மட்டமாக்கினால், புது வரிசைக்கு வெட்டுகிற ஒவ்வொரு குழியிலும் பெயர் தெரியாத எலும்பு வரும். அதை யாரின் கால்மாட்டில் வைப்பீர்கள்?

பதிவேடு விசயத்துக்கு வருகிறேன். போன வருடம் பழைய மரணப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது, வெளி ஆக்களுக்குக் காட்டுவதில்லை என்று பதில் வந்தது. வெளி ஆள் என்ற சொல்லை நான் மறக்க முயற்சி செய்கிறேன். காட்டாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதும் தெரியும். ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊரில் போய்க் கதைக்கிற வாய்களும் இருக்கின்றன. சரி. ஆனால் நான் கேட்டது நூறு வருடத்துக்கு முன் செத்தவர்களின் மரணப் புத்தகம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535ஆம் இலக்கத்தில், ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்குப் பங்கில் பதிவேடுகள் இருக்க வேண்டும், பழைய பதிவேடுகளையும் கவனமாகக் காக்க வேண்டும் என்கிறது. அடக்கம் முடிந்ததும் மரணப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1182 சொல்கிறது. சேமக்காலையின் புனிதத்தைப் பாதுகாக்க ஒழுங்குகள் வகுக்க வேண்டும் என்று 1243. இவற்றை உங்களுக்குப் படிப்பிக்க எனக்குத் தகுதியில்லை. உங்களிடமிருந்து படித்ததைத்தான் திரும்பச் சொல்கிறேன்.

காக்கிறது என்றால் பூட்டி வைக்கிறது மட்டுமில்லை. சூறாவளிக்கு மறுநாள் கோயில் கூரை போய், புத்தகங்கள் ஊறிக் கிடந்தனவாம். ஊர்ப் பெண்கள் தாள் தாளாகப் பிரித்து, வெயிலில் பாய் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு தாளுக்கும் மேலே ஒரு சின்னக் கல் வைத்துக் காய விட்டார்களாம். அம்மாவும் அதில் ஒரு ஆள். அன்றைக்கு அந்தப் பெண்களை யாரும் வெளி ஆக்கள் என்று சொல்லவில்லை. நான் பார்த்த புத்தகத்தின் ஓரமெல்லாம் அந்தத் தண்ணீர்க் கறை இருந்தது, பூச்சி அரித்த துளையும் இருந்தது. இன்னொரு மாரி, இன்னொரு ஒழுக்கு, அதற்குப் பிறகு அந்த மை நிற்குமோ தெரியாது. இலங்கைத் தமிழரின் பழைய ஏடுகளையும் புத்தகங்களையும் எண்ணிமப்படுத்துகிற நூலக நிறுவனம் போன்றவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களும் வேண்டாம் என்றால், நல்ல போன் வைத்திருக்கிற இரண்டு இளைஞர்களும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எழுதவே கை கூசுகிறது. எங்கள் மாவட்டத்தில் கல்லறை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இன்று வரைக்கும் அவருக்கு ஒரு மேடு இல்லை. எங்கள் பங்கிலும் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். நவம்பர் 2ஆம் திகதி அவர்களின் தாய்மார் திரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுச் சிலுவையடியில் வைத்துவிட்டுப் போவதை வருடா வருடம் காண்கிறோம். இருக்கிற மேட்டையும் நாங்களாகவே தட்டி, இன்னும் நாற்பது குடும்பத்தை அந்த நடுச் சிலுவையடிக்கு அனுப்ப வேண்டுமா?

நான் கேட்பவை இவை.

ஒக்டோபர் 15 என்ற தவணையை எடுத்துவிடுங்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள், நவம்பர் 2, வெளியூரில் மாப்பிள்ளை போன ஆண்பிள்ளைகளும் தூரத்தில் இருக்கிற சொந்தங்களும் தங்கள் தங்கள் மேட்டைத் தேடி வந்து நிற்கிற நாள். அதற்குப் பதினெட்டு நாள் முந்தித் தவணை வைத்தது தெரியாமல் நடந்தது என்றே நம்புகிறேன். அன்று பின்னேரம் முழுக்க, கடப்படியில் ஒரு மேசையும் கொப்பியும் வைத்து இரண்டு பேரை இருத்துங்கள். திரி வைக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது: இது யார், உங்களுக்கு என்ன முறை, அவரின் தாய் யார். தாய் யார் என்ற கேள்வியை விட்டுவிட வேண்டாம். அதை விட்டால் பழையபடி இதே பட்டியல்தான் வரும்.

அந்த நாளுக்கு முன்னம் பழைய துண்டில் இருக்கிற ஒவ்வொரு மேட்டுக்கும், பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓர் இலக்க முளை அடியுங்கள். கயிறும் அளவு நாடாவும் போதும். வேம்பிலிருந்தும் மதில் மூலையிலிருந்தும் தூரம் அளந்து, ஒரு பெரிய தாளில் வரையுங்கள். அளக்க நானும் தம்பியின் மகனும் வருகிறோம். கற்களைக் கம்பித் தூரிகையாலோ அசிட்டாலோ கழுவ யாரையும் விட வேண்டாம், இருக்கிற எழுத்தும் போய்விடும். தண்ணீரும் மெதுவான தும்பும் காணும்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற கற்களைப் புது மதிலின் அத்திவாரத்துக்குப் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அது வெறும் கதை என்று நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்களுக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் எங்கே கிடந்தது என்று இந்தக் கிழமைக்குள் குறித்துவிடுங்கள். அடுத்த கிழமை அதுவும் மறந்துபோகும்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரணப் பதிவேட்டை முழுதாகப் படமெடுத்து, ஒரு பிரதியை ஆயர் இல்லத்தில் வையுங்கள். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமான பிறகு அனுப்பத் தூரமுமில்லை. பங்கில் உள்ளவர்கள் மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், உங்கள் முன்னிலையில் அதைப் பார்க்க விடுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தை நான் கேட்கவில்லை. அதில் தன் குடும்பத்து வரியை மட்டும் எழுத்தில் கேட்கிறவருக்கு, நீங்களே பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும்.

பலகையில் இருக்கிற 43 பேரின் பட்டியலை இந்த ஞாயிறுக்கு முன் கழற்றுங்கள். என்னிடம் உள்ள 19 பேரின் விபரத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், தாய்வழியோடு. 17ஆம் இலக்கம் எங்களுடையது.

அறிவித்தலைப் பூசை முடிவில் வாசித்தீர்கள். பதிலையும் அங்கேயே வாசியுங்கள். அதற்குப் பிறகு சேமக்காலை பற்றி எந்தக் கூட்டம் போட்டாலும், அந்த இரண்டு ஆச்சிமாரையும் கூப்பிட்டு முன் வாங்கில் இருத்துங்கள். ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கதைக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டுக் கொப்பியின் ஒன்பது பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து இதனுடன் இணைத்திருக்கிறேன். கொப்பியைத் தரமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், மூன்று வேலி தள்ளித்தான்.

இப்படிக்கு,
17ஆம் இலக்கத்தின் உரித்தாளர்